நானூற்று எண்பதாவது கட்டம்

"புது டப்பா வந்துருச்சாமே சார்! கொஞ்சம் காட்டு, என் கட்டத்தைப் பாத்துக்கினு போய்ட்றேன்."

தேநீர் இடைவேளை மணி அடித்த மறுநொடியே சூப்பர்வைசர் அன்புராஜின் மேஜை முன் வந்து நின்றாள் ஹெலன்.

"டப்பா இல்லம்மா, ஆர்கனைசர். போய் முதல்ல டீயக் குடி, ஆறிப்போவுது."

"டீ தினமும்தான் ஆறுது. நானூத்தி எண்பது ஒரு நாள்தான் சார் வரும்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு வயரிங் செய்யும் ஆலை அது. அங்கே கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரே எண் நானூற்று எண்பது. இரண்டு வருடத்துக்குள் அத்தனை நாள் வேலை செய்தவர்கள் நிரந்தரம் கேட்கலாம். கழுத்தில் அடையாள அட்டையின் மஞ்சள் கயிறு போய் நீலக் கயிறு வரும். "நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்று வேன் டிரைவரிடம் சொல்லி அனுப்ப முடியாது. ஹெலனுக்கு இன்றைக்கு அந்த நாள். மனு எழுதி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தாள்.

அன்புராஜ் எல்லோருடைய வருகைக் கணக்கும் இருக்கும் அந்த உள்ளங்கை அகலக் கருவியை உறையிலிருந்து எடுத்தான். குழந்தையைக் குளிப்பாட்டித் துடைப்பதுபோல் திரையைத் துடைத்தான்.

"பழசுல ஒரு வாரம்தான் தெரியும். பேருக்கு நேரா ஒரு புள்ளி. அது புள்ளியா, ஈ இருந்துட்டுப் போன இடமான்னு எனக்கே சந்தேகம் வரும். இதுல பாரு, ரெண்டு வருஷமும் ஒரே பக்கம்!"

ஹெலன் குனிந்து பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகைகளும் மட்டும் வெள்ளை.

"மாதாவே... நாத்து நட்ட மாதிரி கீது சார்!"

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த, கூட வேலை செய்யும் கல்பனா, "அக்கா நீலக் கயிறு மாட்டிக்கினா நம்மள்லாம் கண்டுக்கவே மாட்டாங்க, பாரு சார்" என்றாள்.

"உனக்கும் நாப்பது நாள்தானடி பாக்கி? வாய மூடிக்கினு லீவு போடாம வா."

"யக்கா, உன்ன மாதிரி என்னால முடியாது. நீ ஜொரத்தோட வந்து வயர் கட்னவ."

கட்டங்களின் மேல் ஊர்ந்த அன்புராஜின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"நவம்பர் ஒம்பது. அன்னிக்குத்தான உங்க அப்பா...? அன்னிக்கும் பச்சை கீதே!"

ஹெலன் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டாள். அத்திப்பட்டில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்க, இவள் இங்கே முதல் ஷிப்டை முடித்தாள். நாலு மணிக்கு அடக்கம். கல்லறை வாசலில் தம்பி ராபின், "வந்துட்டியா? இன்னும் ரெண்டு மணி நேரம் ஓவர்டைம் பாத்துட்டு வர்றதுதான?" என்று கேட்டான். அதோடு பேச்சை நிறுத்தியவன்தான். அன்றைக்கு அவளை ஏற்றிப் போகத் தன் காரையே அனுப்பியவர், அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டர் வெங்கடேசன்.

"அவர் மட்டும் கார் அனுப்பலன்னா மண்ணு போடக்கூட நான் போயிருக்க முடியாது சார். தங்கமான மனுசன்" என்றாள்.

"எண்ணிப் பாத்துடலாமா?"

"எண்ணு சார்."

அன்புராஜ் ஓரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினான். அடியில் எண் வந்தது. 480.

கல்பனா கை தட்டினாள். "லட்டு வாங்கிக் குடுக்காம வேன் ஏற முடியாது, சொல்லிட்டேன்!"

ஹெலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்கையால் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா சார்? ரெக்கார்டோட வான்னு ஆபீஸ்ல சொல்லிக்கீறாங்க."

"இப்படி எடுத்தா வெறும் பச்சையாதான் விழும். இரு, பெருசு பண்ணித் தர்றேன். இதுல அதான் விசேஷம். கட்டத்துக்குள்ள பொடி எழுத்துகூடத் தெரியும்."

இரண்டு விரல்களைத் திரையில் வைத்து விரித்தான். கட்டங்கள் தீப்பெட்டி அளவுக்குப் பெருத்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் தேதி, ஷிப்டு, அதன் கீழே ஒரு பெயர்.

அன்புராஜ் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். பாதியில் விரல் நின்றது. திரும்ப முதலுக்கு வந்தான். மறுபடி கடைசிக்குப் போனான்.

"இன்னா சார்?"

"ஒண்ணும் இல்ல. நீ போய் டீ குடி. அப்புறமா பாக்கலாம்."

"குடு சார் இங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாதுமா. பழசுல வெறும் புள்ளிதான..." அவன் குரல் இறங்கியது. "கான்ட்ராக்டர் மாறிட்டா கணக்கு முதல்லேர்ந்துன்னு ஆபீஸ்ல சொல்வாங்க."

"யாரு மாறினது? அதே வேன், அதே வேலை, அதே வெங்கடேசன் சார்தான?"

கருவியை அவன் கையிலிருந்து வாங்கி ஹெலனே எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் நூற்றெண்பது கட்டங்களில் கான்ட்ராக்டர் என்று வெங்கடேசன் பெயர் இருந்தது. அடுத்த நூற்றெண்பதில் அவர் மனைவி சுமலதா. அதற்குப் பிறகு அவர் மச்சான் பூவராகவன்.

அவள் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தப் பூவராகவனிடம் ஹெலன் வேலைக்குச் சேர்ந்து, இன்றோடு நூற்றிருபது நாள்தான் ஆகியிருந்தது.