கண்ணைத் திறக்கலாம்

“அசையாதீங்கம்மா.”

“அண்ணே, இந்தக் குரல்... மூஞ்சில பவுடர் அப்பிக்கிட்டு நம்ம ஊரு கேபிள்ல பேய்ப்படம் போடுவீங்களே, நீங்கதானே?”

“பவுடர் இல்லம்மா, கோலமாவு.”

ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்த தமயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கேபிளில் அந்தப் படங்கள் ஓடிய வெள்ளிக்கிழமை இரவுகளில், பேய் வரும் நேரம் பார்த்து அவர் திரையின் மூலையில் தோன்றுவார். “பயந்தவங்க கண்ண மூடிக்கோங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன். போனதும் சொல்றேன்.” ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டதில்லை.

போன வருடம் அவள் தலையிலிருந்து எடுத்த கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறதா என்று இப்போது அவர்தான் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“அண்ணே, போயிடுச்சுன்னு சொல்லுங்கண்ணே.”