அதிர்ச்சியில் ஒரு சாவு

"இந்த எடத்துல ஒரு கைநாட்டு வச்சிரு தாயி. உன் புருசன் பேரு நாளைக்குப் பேப்பர்லயே வரும்."

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பிச்சைமணி காகிதத்தையும் மைப்பெட்டியையும் நீட்டினார். அன்னக்கொடி தொடவில்லை. வாசல் பெஞ்சில் அவள் புருசன் அமாவாசை வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

டெல்லியில் இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்த மறுநாள் அது. போடியில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. தெருமுனையில் அவர் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள்.

நடந்தது என்னவென்று பிச்சைமணிக்குத் தெரியும். ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க, நாலு நாளைக்கு முன்னால்தான் அமாவாசையைக் கூட்டிப்போனார்கள். மூக்கை மூட ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் மருந்து டிரம் பக்கத்தில் நுரை தள்ளி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த நாலு நாளில் பிச்சைமணி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலாளிதான் வழி சொன்னார். "பிரதமர் செத்த சேதி கேட்டு அதிர்ச்சியில போயிட்டான்னு எழுது. ஊரே துக்கத்துல இருக்கு, யாரு கேக்கப் போறா?"

அன்னக்கொடி கேட்டாள்.

"சட்டை பூராம் மருந்து நாத்தம். வாயெல்லாம் நுரை. அதிர்ச்சியில போனா இப்படித்தான் இருக்குமா?"

"நாட்டுக்காக உசுர விட்டவரு தாயி. கட்சிக்காரங்க கொடி போத்தி ஊர்வலமாத் தூக்கிட்டுப் போவாக. நீ மாட்டேன்னா, பெரியாஸ்பத்திரியில அறுத்துக் கூறு போட்டுருவாங்க."

"போடட்டும். உள்ள என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்."

விசாரணைக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வீரணன் குறுக்கிட்டார். "நேர்ல பாத்த ஆளு இருக்காங்களா?"

"நாந்தான்யா பாத்தேன்," என்றார் பிச்சைமணி.

அன்னக்கொடி அவர் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது.

"என்ன பாத்தீக? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

இறங்கி வருகிறாள் என்று பிச்சைமணிக்குத் தெம்பு வந்தது.

"ரேடியோவுல சேதி போச்சு. இவரு நாப்பதடி தள்ளி நின்னாரு. 'என்னமோ சொல்றாகளே, சத்தமா வைங்க'ன்னாரு. வச்சேன். 'இந்திராம்மா போயிட்டாகளா'ன்னு நெஞ்சப் பிடிச்சவருதான், அப்படியே சாஞ்சுட்டாரு."

"நாப்பதடி தள்ளி நின்னவருக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. அவரு காதால கேட்ட கடைசிச் சேதி அதுதான் தாயி."

சொல்லும்போது பிச்சைமணிக்கே கண் கலங்கியது.

"இப்பச் சொன்னத அப்படியே எழுதி, மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. நாப்பதடியும் இருக்கணும், காதால கேட்டதும் இருக்கணும்."

பிச்சைமணி திண்ணையில் உட்கார்ந்து அதே காகிதத்தில் ஒரு வரி விடாமல் எழுதினார். கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் வாசித்துப் பார்த்து, தன் முன்னால் எழுதியதென்று தானும் ஒப்பமிட்டார். பிச்சைமணி மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்னக்கொடி காகிதத்தை மட்டும் எடுத்து சப்-இன்ஸ்பெக்டர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இத பத்திரமா வைங்கய்யா. அறுத்துப் பாக்கவும் எழுதுங்க. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி, மலை ரோட்டுல பாறைக்கு வெடி வச்சப்ப எம் புருசன் பக்கத்துல நின்னாரு. அன்னைலருந்து இவருக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது."