சாவி யார் கையில்

சமையலறைக் கதவில் சாயாத் பூட்டு பொருத்திக்கொண்டிருந்தான். அப்பா ஒராஸ்பாய் பின்னால் நின்று திருகாணிகளை எடுத்துக் கொடுத்தார்.

"சாவியை என்கிட்ட குடுடா," என்றார்.

அக்கா கம்ஷாத் சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே! திருடன் கையிலயே சாவியா? பூட்டே உங்களுக்காகத்தானேப்பா!"

அப்பாவை அல்மாட்டிக்கு அழைத்துப்போக வந்திருந்தாள் அவள். மாலை ரயிலுக்குப் பெட்டி தயாராக இருந்தது. அப்பாதான் தயாராக இல்லை.

அவளை வரச்சொன்னவன் சாயாத். பெற்றவரைக் கடைசிவரை கூட வைத்துக் காக்க வேண்டிய கடைக்குட்டி மகனே தகப்பனை வீட்டைவிட்டு அனுப்பினான் என்றால் ஆயகோஸ் ஊரே காறித் துப்பும். ஆனால் வேலைக்குப் போனால் வீட்டு நினைவு குடைகிறது. வீட்டுக்கு வந்தாலோ மூச்சு முட்டுகிறது.

எல்லாம் சாயாத்தின் மனைவி உல்பான் இறந்த பிறகுதான். ஒரு நாள் விடியலில் கேஸ் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு முன்னால் அப்பா, கை திருகின் மேல். இன்னொரு நாள் வாசல் கதவு பனிக்குத் திறந்து கிடந்தது. அங்கேயும் அப்பா, சாவியோடு. கேட்டால், "வயசாச்சுல்ல," என்பார். அவ்வளவுதான்.

தேநீருக்கு உட்கார்ந்தார்கள். சமோவாரை ஒட்டி, மருமகள் உட்கார்ந்து ஊற்றும் சிறு மெத்தை காலியாக இருந்தது. அதில் உட்கார மனம் வராமல் கம்ஷாத் எதிர்ப்பக்கமிருந்து ஊற்றினாள்.

"ஒரு நாள் ரெண்டு பேரும் தூக்கத்துலயே போய்ச் சேரப் போறீங்க. அங்க பேரப் பசங்க இருக்காங்க, டாக்டர் பக்கத்துலயே இருக்காரு. ஏம்ப்பா இந்த அடம்?"

"வரலம்மா."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அவர் மகனைப் பார்த்தார். ரொட்டியைப் பிய்த்தார்.

"டேய், நீயாவது சொல்லேன். மரம் மாதிரி உக்காந்திருக்கே!"

"போயிடுங்கப்பா," என்றான் சாயாத். "என்னால முடியல. ராத்திரி கண்ணை மூடவே பயமா இருக்கு."

கிண்ணத்தைக் காலி செய்தான். வழக்கம்போலக் கையை நீட்டினான், அந்தக் காலி மெத்தையின் பக்கமாக. மறு கிண்ணம் வரும் என்று நீட்டியபடியே இருந்தான்.

கம்ஷாத் அந்தக் கையையே பார்த்தாள்.

அப்பா எட்டி, அவன் விரல்களை மெல்லப் பிரித்துக் கிண்ணத்தை வாங்கினார். தேநீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தார். அப்போதுதான் சாயாத் மெத்தையைப் பார்த்தான்.

அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

"கேஸைத் திறந்து விடுறது நான் இல்லம்மா. மூடுறவன்தான் நான்."