கோட்டைக்குள் ஒரு ராணி

"ராணியம்மா, நீங்க சாப்ட்டீங்களா?"

வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெறுஞ்சுவரைப் பார்த்துக் குழைந்தான் அறிவழகன். பல ஊர்க்காரர்கள் வேடம் போட்டு ஆடும் அந்த இணைய விளையாட்டில் அவன் தளபதி. காய்ச்சலில் படுத்திருந்த வேணி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"கட்டுனவளக் கேக்க நாதியில்ல. யாருங்க அவ?"

"விளையாட்டுல வர்ற ஆளுடி. அவ்ளோதான்."

"இருங்க, மீன்சுருட்டிக்குப் போன் போட்டு எங்கப்பாகிட்ட சொல்றேன்."

"சொல்லேன். காதுகுத்துப் பத்திரிகையில அவரு பேரு வுட்டுப்போச்சுன்னு, மீசைய முறுக்கிக்கிட்டு மூணு வருசமா என்கூடப் பேசாத மனுசன்தானே!"

அவன் குளிக்கப் போனதும் வேணி கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அரியணையில் பட்டும் நகையுமாக ஓர் அழகி. பார்க்கப் பார்க்க வேணிக்கு வயிறு எரிந்தது.

அப்போது அந்த அழகி, இல்லாத மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டாள்.

"என்னங்க மாப்ள, பேச்சையே காணோம்?" விளையாட்டு மாற்றிக்கொடுத்த குயில் குரல். "பொங்கச் சீர் கொண்டாருவேன். நேர்ல நீங்களும் பேசாதீங்க, நானும் பேசமாட்டேன். ரோசம் ரோசமாவே இருக்கட்டும். ஆமா, வேணிக்குக் காச்சல் வுட்டுருச்சா?"