கேட்கும் நேரம்

குர்லா ரயில் நிலைய நடைமேடையில் மாலை வெயில் மடிக்கணினித் திரையில் விழுந்து கண் கூசுகிறது. கம்பியில்லாக் கருவிகளின் பேட்டரி நீடிக்க ஜாக்குலின் கணக்குப் போடுகிறாள். கருவி விழித்து, அழைப்பு வருகிறதா என்று கொஞ்சம் கேட்டு, வராவிட்டால் உடனே தூங்கிவிட வேண்டும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் வீண். “டோம்பிவிலி லோக்கல் வந்தாச்சு, ஏறலியா?” என்கிறாள் கூட வேலை பார்க்கும் விஜயராணி. “நீங்க போங்கக்கா. அவுக வண்டி இன்னும் வரல.” நைட் ஷிப்டுக்குப் போகும் கணவன் ஜெப்ரி, வேலை நாட்களில் இந்நேரம் எதிர்த் தடத்து வண்டியில் கதவோரம் நின்று கையசைத்துப் போவான்; வீட்டில் இருவரும் சேர்ந்து விழித்திருப்பது ஞாயிறு மட்டும்தான். எதிர் வண்டி வருகிறது. முகம் முகமாகத் தேடுகிறாள். அவன் இல்லை. திரையில் கருவி கேட்கும் நேரத்தை இன்னும் குறைத்து எழுதிவிட்டு, அடுத்த எதிர் வண்டிக்காக உட்கார்ந்திருக்கிறாள்.