சந்துக்கு அளவெடுத்த தேர்

தேர் சந்து முனைக்கு வந்து நின்றதும் ஓஸ்வால்ட் கையை விரித்துவிட்டார்.

"நீயே பாத்துக்கோ ஆஞ்சலா. தேரோட ரெக்கை இடிக்கும். சந்து குறுகல், நாங்க என்ன பண்றது?"

விழாக் கமிட்டித் தலைவர் அவர். வருஷா வருஷம் மாதா கெபித் திருவிழாவன்று இதே முனையில் நின்று சந்து குறுகல் என்றுதான் சொல்வார். மாதா சொரூபம் மெயின் ரோட்டோடு திரும்பிப் போய்விடும். சந்துக்காரர்கள் முனைவரை வந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆஞ்சலாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஓஸ்வால்டின் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. தேருக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றிருந்தானே அவள் புருஷன் மைக்கேல்ராஜ், அவன் மேல்தான்.

அந்தத் தேரே அவளால் வந்தது.

போன வருஷம் பழைய மரத்தேர் உளுத்துப்போய், புதிதாக ஒன்று வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. குறுகலாக ஒன்றை நாமே செய்து கொடுத்துவிட்டால் என்ன சொல்வார்கள் பார்ப்போம் என்று கிளம்பினாள். சந்தின் மிகக் குறுகலான இடம் டிரான்ஸ்ஃபார்மருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே. அங்கே ஒரு கயிற்றைப் பிடித்து, அந்த அளவுக்கு அறுத்து மடியில் முடிந்துகொண்டு, ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை விற்கிற யார்டுக்குப் போனாள்.

சரக்கு ஏற்றி ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர டிரெயிலர்கள் அங்கே துருவேறிக் கிடந்தன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் கயிற்றை வைத்துப் பார்த்தாள். வண்டி வாங்க வந்தீர்களா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தீர்களா என்று யார்டுக்காரர் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும். ஒன்றே ஒன்று கயிற்றைவிட ஒரு சாண் குறைவாக இருந்தது. அதைத்தான் சந்தே சேர்ந்து வாங்கியது.

வாங்கியதோடு தீர்ந்ததா? டயர்கள் வெடித்துப் பிளந்திருந்தன. அச்சில் கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது. அடித்தகட்டில் காலை வைத்தால் கால் உள்ளே போனது. வெல்டிங் ஷெட்டில் வேலை பார்க்கும் மைக்கேல்ராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தகடு மாற்றினான், பேரிங் மாற்றினான். ராணுவப் பச்சையை மற்றவர்கள் வண்டியில் வைத்திருக்கக் கூடாதாம். சந்துப் பெண்கள் அதைச் சுரண்டியெடுத்ததில் ஒருத்திக்கும் நகம் மிஞ்சவில்லை. மேலே மாதாவின் நீலத்தை அடித்து ஒப்படைத்தார்கள். கமிட்டி கைதட்டி வாங்கிக்கொண்டது.

போன வாரம் ஓஸ்வால்ட் மைக்கேல்ராஜுக்கு ஆள் விட்டார். தேர் எடுப்பாக இல்லையாம். டிரெயிலரின் பக்கத் தட்டிகள் இரண்டையும் வெளிப்புறமாகச் சாய்த்து, நகராதபடி பற்றவைத்து, மேலே தெர்மோகோலில், வானதூதர்களுக்கு இருப்பது போல, சம்மனசு இறக்கை வைக்க வேண்டுமாம். இவனும் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து ஆஞ்சலா அவனோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். முதுகெலும்பே இல்லாத மனுஷனுக்கு வாக்கப்பட்டேன் என்று பக்கத்து வீட்டு லீனாவிடம் அவன் காதுபடச் சொன்னாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இறக்கை வேலைக்குப் போனான்.

இப்போது ஓஸ்வால்ட், தேரை இழுத்து வந்த ஜீப்பின் டிரைவரைப் பார்த்து, விடு, போகலாம் என்று கையசைத்தார்.

மைக்கேல்ராஜ் குனிந்தான். தேரைச் சுற்றித் தொங்கிய சாட்டின் துணியைத் தூக்கி உள்ளே கையை விட்டான். இந்தப் பக்கத் தட்டியைப் பிடித்திருந்த பின்னை உருவினான். சுற்றிப் போய் அந்தப் பக்கமும் உருவினான்.

இறக்கைகள் இரண்டும் தட்டியோடு மடங்கித் தொங்கின.

அவன் பற்றவைக்கவே இல்லை. ராணுவத்தில் போட்ட கீல்கள் அப்படியே இருந்தன. எண்ணெய்கூட விட்டு வைத்திருந்தான்.

பாட்டு நின்றுபோனது. எல்லோரும் ஓஸ்வால்டையே பார்த்தார்கள்.

அவர் தேரைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். வாசல்தோறும் கழுவிச் சாத்தியிருந்த குப்பை வண்டிகளைப் பார்த்தார். அந்தச் சந்தில் முக்கால்வாசிப் பேருக்கு மாநகராட்சித் துப்புரவு வேலை. தேர் வந்த மெயின் ரோட்டை அன்று விடிகாலையில் பெருக்கியவளே ஆஞ்சலாதான்.

"அதுக்கில்லமா... உங்க சந்துக்குள்ள வர்ற வழக்கம் இல்லையே," என்றார்.

குறுகல் என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். சத்தியமாக நம்பினாள். போகும்போதும் வரும்போதும் அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டியிருக்கிறாள்.

மைக்கேல்ராஜ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். பின்கள் கையிலேயே இருந்தன.

"இது அவர் வாயாலயே வரட்டும்னுதான் காத்துனு இருந்தேன்."

ஆஞ்சலா ஜீப்புக்கும் தேருக்கும் நடுவே போய் நின்றாள். டிரெயிலரின் வளையம் ஜீப்பின் கொக்கியில் மாட்டியிருந்தது. கொக்கியின் பூட்டைத் தன் கையாலேயே நீக்கினாள்.

தேர் முன்பக்கம் சாய்வதற்குள் சந்து ஆட்கள் பத்துக் கையாக இழுவைக் கம்பியைத் தாங்கிப் பிடித்துவிட்டார்கள். ஓஸ்வால்ட் ஏதோ சொல்ல வந்தார். ஆஞ்சலா பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டார். ஜீப் மெயின் ரோட்டிலேயே நின்றது.

டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டும்போது தேர் எதையும் உரசவில்லை.

பழைய மரத்தேரின் குறுக்கே தான் ஒருநாளும் கயிறு பிடித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.