திங்கட்கிழமை வரைக்கும்

சித்ரா மறுபடியும் இருமினாள்.

இடைவேளைக்குப் பிறகு இது நாலாவது தடவை. தியேட்டர் இருட்டில் முகம் தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

"தண்ணி குடிக்கிறியா?"

"படத்தைப் பாருங்க."

படத்தை எங்கே பார்ப்பது? எங்களுக்குக் கல்யாணமான வருஷம் வந்த படம். பத்துப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்போம். புதுசு மாதிரி சரிசெய்து மறுபடி விட்டிருக்கிறார்கள், ஆயுத பூஜை லீவில் போயே ஆகணும் என்று நேற்று ராத்திரி சொன்னாள். சரி என்றேன். அதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் சாப்பாடு என்றாள். அதற்கும் சரி என்றேன். வைரத் தோடு கேட்டிருந்தால்கூட சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி ஒரு பயம் எனக்கு.

ஒன்றரை மாதமாக இவளுக்கு இருமல். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சிரப் இரண்டு பாட்டில் தீர்ந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்த இடத்தில் ஃபிலிமைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் எழுதுகிறவர் ஊருக்குப் போய்விட்டார், இனி திங்கட்கிழமைதான் என்றார்கள். டாக்டரும் திங்கட்கிழமைதான்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள்.

வேறு யாராவதாக இருந்தால் கவரைப் பீரோ மேல் போட்டுவிட்டுப் பொரிகடலை தின்றிருப்பார்கள். என்னால் முடியுமா? முப்பத்தொரு வருஷமாக ஃபேக்டரியில் எனக்கு அதுதானே வேலை. பாய்லர் குழாய்களில் வெல்டிங் செய்த இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து, கோளாறு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன் நான். மயிரிழை விரிசலைக்கூட விடமாட்டேன். எங்கள் கைலாசபுரம் குடியிருப்பில் பாதி வெல்டர்களுக்கு என் மூஞ்சியைக் கண்டாலே ஆகாது.

நேற்று, வெள்ளிக்கிழமை காலை, ஆயுத பூஜை முடிந்து அவள் சுண்டல் தாளிக்க உள்ளே போனதும், கவரைப் பிரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.

வலது பக்கம், மேலே, விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று. கொண்டைக்கடலை அளவு இருக்கும்.

குழாயாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன். வெட்டு, திரும்பப் போடு என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பேன். நுரையீரலைப் பற்றி எனக்கு என்ன இழவு தெரியும்? பழைய தழும்பாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் போகலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கவரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவள் கொண்டுவந்த சுண்டலைப் பிரமாதம் என்று சொன்னேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

இன்று மத்தியானம் ஹோட்டலில் அவள் வத்தக்குழம்புக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினாள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு, உப்பு ஒரு கல் கூட என்று குறை வேறு சொன்னாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. இவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமை வரைக்குமாவது தெரிய வேண்டாம். ரங்கநாதா, இந்த இரண்டு நாளை மட்டும் இவளுக்கு விட்டுவிடு என்று அங்கேயே, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வேண்டிக்கொண்டேன்.

தியேட்டர் படியில் பாதியில் நின்று, செருப்பு வார் கழன்றுவிட்டது என்று குனிந்தாள். வார் ஒழுங்காகத்தான் இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

திரையில் இப்போது காமெடி நடிகர் கிணற்றடியில் வழுக்கி விழப்போகிறார். அவர் விழுவதற்கு முன்பே சிரிப்பது இவள் வழக்கம். சிரித்தாள். சிரிப்பே இருமலாக மாறி, நிற்காமல் வந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். மூடி கை தவறி எங்கேயோ உருண்டு போய்விட்டது.

அவள் பாட்டிலை வாங்கி நிதானமாகக் குடித்தாள். பிறகு என் காதுப்பக்கம் சாய்ந்தாள்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேங்க. எக்ஸ்ரேல மஞ்சப் பென்சிலால வட்டம் போட்டு வெச்சிருந்தீங்களே, அதைப் பஞ்சால துடைச்சுட்டேன். அவர் பார்த்தா என்ன நினைப்பாரு?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

கோளாறு கண்ணில் பட்டால் அந்த இடத்தை மெழுகுப் பென்சிலால் சுற்றி வைக்க வேண்டும். அதுதான் வேலை. முப்பத்தொரு வருஷம் பழகிய கை. சத்தியமாகச் சொல்கிறேன், பென்சிலை எடுத்ததும் நினைவில்லை, சுற்றியதும் நினைவில்லை.

"எப்ப பார்த்தே?"

"நேத்து மத்தியானம். நீங்க தூங்கற மாதிரி படுத்திருந்தீங்கல்ல, அப்ப. சாமி முன்னால பொட்டு வெச்சு வெச்ச பென்சிலை, ஆயுத பூஜையன்னிக்கே எடுத்து யாராச்சும் வேலை பார்ப்பாங்களா?"

நான் பாட்டில் மூடியைத் தேடிக் குனிந்தேன்.

"ரொம்பப் பயந்து போயிருந்தீங்க," என்றாள். "அதான் ஹோட்டல், சினிமான்னு உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."